அண்ணன் டிரம்மை நான் கழுவினது

புரட்டாசி 18, சனி

மஞ்சு மூடிக் கிடக்கிறது. எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. முதல் பஸ்ஸின் ஆரன் மட்டும் கேட்டது.

வாங்க வேண்டியது: ரவை, ப.மிளகாய், பூசைக்குப் பொரி, வெள்ளைப்பூசணி. கேஸுக்குச் சொல்ல வேண்டும்.

நாளைக்குப் பெங்களூரிலிருந்து ஒருத்தர் வருகிறார். என் கூடப்பிறந்த முருகேசன் அண்ணனின் டிரம் செட்டைப் பார்க்க. பழைய டிரம்மைத் தட்டி, தடவி, இது அசல், இது போலி என்று எழுதிக் கொடுப்பதுதான் சோலியாம். இப்படியும் ஒரு பிழைப்பு. நான் இருபது வருசமாகப் போண்டாவைத் தட்டிப் பார்க்கிறேன், என்னை எவன் காரில் கூட்டிப்போகிறான்.

அண்ணன் நாளைக்கென்று இப்போதே சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டான்.

"மாப்பிள்ளைக்குப் பவுடர் வேணுமா?" என்றேன்.

"வாயை மூடுறியா பஞ்சு."

விற்பதற்கு இல்லை. அவனுக்கு அவர் எழுதித் தருகிற காகிதம்தான் வேண்டும். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு அறையைக் கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருந்தான். வெள்ளைக்கார வாத்தியார் ஊருக்குக் கிளம்பும்போது தன் செட்டை இவனுக்குக் கொடுத்தாராம். அவர் போன பிறகு சாமான்களை எண்ணினார்கள், டிரம் செட்டைக் காணோம் என்றார்கள். இவன் திருடன் என்று வெளியே அனுப்பினார்கள். தங்களுடையது என்று காட்ட அவர்களிடமும் ரசீது இல்லை, அதனால் செட்டு இவனிடமே நின்றுவிட்டது. அய்யம்பாளையத்தில் பேசி வைத்திருந்த பெண் வீடும் விலகிக்கொண்டது. முப்பது வருசம். அப்புறம் கல்யாணமே இல்லை. என் கடையில் வெங்காயம் உரிக்கிறான்.

செட்டு பள்ளிக்கூடத்துடையதா, வாத்தியாருடையதா என்று பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறான்.

நிசத்தைச் சொன்னால், நானும் முழுசாக நம்பியது இல்லை. "களவாணி டிரம்மு" என்று பேர் வைத்ததே நான்தான். சிரிப்புக்குத்தான்.

புரட்டாசி 19, ஞாயிறு

வெயில், திடீரென்று. கூட்டம். ஆம்லெட் மட்டும் தொண்ணூறு இருக்கும்.

பதினொரு மணிக்கு வந்தார். சின்ன வயசு, பின்னால் குடுமி. கு.தம்பி என்று எழுதிக்கொள்கிறேன். நல்ல பையன். "சடை பின்னி விடவா தம்பி?" என்றேன், சிரித்தார். அண்ணன்தான் என் காலை மிதித்தான்.

கடைக்குப் பின்னால் தார்பாய் விரித்து டிரம் ஐந்தையும் வைத்தோம். வயிற்றுக்குள் போன் லைட்டை விட்டுப் பார்த்தார். கண்ணாடி வைத்து நம்பரைப் பார்த்தார். மூக்கை வைத்து மரத்தை மோந்தார். ஒரு திருகாணியைக் கழற்றி அடியில் காட்டினார். மேலே மங்கிய நீலம், அடியில் மயில் கழுத்து மாதிரி பளீர்.

"அசல் அமெரிக்கன் சார். அறுபதுகள்ல செஞ்சது. அஞ்சும் ஒரே செட். இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே!"

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அறுபத்தொரு வயசுக்காரன், பரீட்சையில் பாஸானவன் மாதிரி.

"யாருதுன்னு தெரியுமா தம்பி?"

கு.தம்பி பெரிய டிரம்மைத் திருப்பினார். அதற்கு முன்பக்கம் தோல் கிடையாது, கை உள்ளே போகும்.

"இங்க ஒரு பேப்பர் ஒட்டியிருந்திருக்கு சார். நாலு மூலையிலயும் பசை தெரியுது. பேர், கையெழுத்து எல்லாம் அதுலதான் இருந்திருக்கும். யாரோ சுரண்டி எடுத்திருக்காங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க. திருட்டுப் பொருள்லதான் இப்படிச் செய்வாங்க. அசல்னு எழுதித் தரேன். யாருதுன்னு எழுத முடியாது."

அண்ணன் டீ வேண்டுமா என்று அவரைக் கேட்டான்.

போனில் எடுத்த படத்தை எனக்கும் காட்டினார். சுரண்டிய தடம். அரைவட்டம், பக்கத்தில் இன்னொரு அரைவட்டம். கத்தி இல்லை, உளி இல்லை, என்ன ஆயுதம் என்றே தெரியவில்லை என்றார்.

எனக்குத் தெரியும். தோசைக்கரண்டி.

புரட்டாசி 20, திங்கள்

தூறல். மாவு புளித்துப் போச்சு. கவனம் இல்லை.

முப்பது வருசத்துக்கு முன்னால் ஒரு ஆயுத பூசை. எனக்குப் பத்தொன்பது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அரிவாள்மணை, ஆட்டுக்கல், சைக்கிள், எல்லாவற்றையும் கழுவினேன். டிரம்மையும் கழுவினேன். உள்ளே அழுக்குக் காகிதம் ஒன்று, இங்கிலீசு எழுத்து. வரமாட்டேன் என்றது. தோசைக்கரண்டியால் சுரண்டினேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். சாயங்காலம் வந்தவனிடம், "உன் பொண்டாட்டியைக் குளிப்பாட்டி விட்டுட்டேன்" என்றேன். உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். வேலை போனது அதற்கப்புறம் பத்து நாளுக்குள்.

இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகு எந்தப் பூசைக்கும் டிரம்மைத் தொட விட்டதில்லை அவன். கஞ்சத்தனம் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தேன்.

இன்றைக்குக் கேட்டேன்.

"அந்தக் காகிதத்துல வாத்தியார் எழுதிக் குடுத்திருந்தாராண்ணே?"

"ம்."

"நாந்தான் சுரண்டுனேன்னு சொல்லியிருக்கலாம்ல அவுககிட்ட?"

"சொன்னேன். தங்கச்சி பூசைக்குக் கழுவிட்டான்னு. சிரிச்சாக."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

வெங்காயத்தைக் கீழே வைத்தான்.

"சொன்னா காகிதம் திரும்பி வருமா? அவுக திருடன்னதைக்கூடத் தாங்கிக்கிட்டேன் பஞ்சு. நீ கடையில நின்னு களவாணி டிரம்முன்னு சொல்றப்பதான்..."

அதற்குள் கேஸ்காரன் வந்துவிட்டான்.

புரட்டாசி 22, புதன்

மறுபடியும் மஞ்சு. நாளைக்குப் பூசை. பொரி வாங்கியாச்சு. பூசணி இல்லை. கரண்டி, சட்டி எல்லாம் கழுவினேன். அந்தத் தோசைக்கரண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, ஆனாலும் கையில் இருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஜீப்காரப் பிள்ளைகள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பாச்சலூர் வண்டி ஓட்டுகிற ரவி ஆரம்பித்தான். "யக்கா, களவாணி டிரம்மைப் பார்க்கப் பெங்களூர்ல இருந்தே போலீசு வந்துச்சாமே?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "ஏலே, அவன் களவாங்கலை. வாத்தியார் எழுதிக் குடுத்த காகிதம் உள்ள இருந்துச்சு. நாந்தான் ஆயுத பூசைக்குத் தோசைக்கரண்டியால சுரண்டிக் கழுவிட்டேன். சத்தியமா."

கடையே சிரித்தது. ரவிக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. "யக்கா ஆரம்பிச்சிருச்சுடா! தோசைக்கரண்டியாம்ல!"

சிரிக்காதே என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான்.