படத்தில் இல்லாத லயம்

அக்கா,

முதலாளி நாற்காலியில். மதுரையிலிருந்து வந்த எஞ்சினியர் பிரபாகர் கம்ப்யூட்டர் முன்னால். டீத் தட்டோடு சமையல்காரர் சவரிமுத்து. துணி துவைக்கும் சோலியைப் பாதியில் விட்டுவிட்டுக் கதவோரம் நீயும் நானும். அன்றைக்கு ஓட்டல் ஆபீஸ் அறையில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

இங்கே பெருமாள்மலையில் காலையிலிருந்து மழை. நனைந்த சுவரின் மண் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடி எழுகிறேன். அந்த முகங்களும் கூடவே எழுந்து வருகின்றன.

கொடைக்கானலில் நாம் வேலை பார்த்த அந்தப் பழைய ஓட்டலை பிரபாகர் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்திருந்தான். அறை, குழாய், பாய்லர், மழைத்தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. எங்கே தண்ணீர் ஏறினாலும் படத்தில் அந்த இடம் சிவக்கும். அங்கிருந்தே வால்வைத் திறக்கலாம். மதுரையில் உட்கார்ந்தபடி தானும் பார்த்துக்கொள்ள முடியும் என்றான்.

அதற்காக அவன் மூலை முடுக்கெல்லாம் அளந்தான். பின்பக்கச் சரிவில் நாம் குடியிருந்த மண்சுவர் வரிசை வீடான லயத்தையும் விடவில்லை. நாடாவின் ஒரு முனையை நீதான் பிடித்தாய். "வெரசா அளங்க தம்பி, எங்க மாளிகைய வேற யாரும் விலைக்குக் கேட்டுரப் போறாக" என்றாய். அவன் சிரித்து, உன் கட்டிலில் உட்கார்ந்து நீ போட்ட பிளேன்டீயைக் குடித்தான்.

ஆபீஸில் படத்தைக் காட்டியபோது உனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏ புள்ள, இங்க பாரு, நம்ம சன்னல்கூட கெடக்கு!" என்று என் கையைக் கிள்ளினாய்.

முதலாளி முகத்தைச் சுளித்தார். "அது அனுமதி இல்லாமக் கட்டினது. நாளைக்கு ஆபீசருங்க வந்து பாப்பாங்க. எடுத்துருங்க."

பிரபாகர் நம்மை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "ஒரு தட்டுதான் சார்" என்றான். லயம் போய், அந்த இடத்தில் பச்சையாய்ப் புல் வந்தது.

"எங்களக் காலி பண்ண ஒத்த வெரலு போதுமா தம்பி? சிலோன்லேருந்து கப்பல்ல ஏத்தி ராமேஸ்வரத்துல எறக்கினவங்ககூட இம்புட்டு வெரசா முடிக்கலையே" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். சவரிமுத்து டீயைச் சிந்தினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "இவ மூஞ்சியில எப்பவும் மேகந்தான்" என்று அதற்கும் என்னைக் கேலி செய்தாய்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. மேனேஜர் புதிதாகச் சேர்ந்தவர். பின்பக்கம் இறங்கிப் பார்த்ததுகூட இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். தொட்டி நிறைந்து பாய்லர் அறைக்குள் தண்ணீர் ஏற, படம் சிவந்தது. அவர் பதறி மதுரைக்குப் போன் போட்டு, எந்தப் பக்கம் திறந்துவிடுவது என்று கேட்டிருக்கிறார். பிரபாகர் அங்கே தன் படத்தைப் பார்த்துச் சொன்னான்: "பின்பக்கம் திறங்க சார். அங்க வெறும் புல்லுதான்."

நான் மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். நீ காய்ச்சலோடு லயத்தில் படுத்திருந்தாய். தொட்டித் தண்ணீர் மொத்தமும் சரிவில் பாய்ந்து மண்சுவரைத் தள்ளிவிட்டது. சவரிமுத்துவும் நானும் கையாலேயே மண்ணை வாரினோம். முதலில் உன் கால் தெரிந்தது. சூடு இல்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மேனேஜர் படியில் உட்கார்ந்து அழுதார். "அங்க ஆளு இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா." தெரியாதுதான். அவரை அன்றைக்கே விட்டுவிட்டேன். முதலாளி உன் காரியத்துக்கு எட்டிப் பார்க்கவில்லை. அவரைப் பழனியாண்டவனிடம் ஒப்படைத்துவிட்டேன்.

காரியம் முடிந்த பிறகு பிரபாகர் பழப் பையோடு வந்தான். கையோடு கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் திறந்து என் பக்கம் திருப்பினான். "சேத்துட்டேன் பாருங்கம்மா. இனிமே யாருக்கும் மறக்காது."

பார்த்தேன், அக்கா. உன் தாழ்வான வாசல், ஒருபக்கம் சரிந்த சன்னல், அடுப்பு மூலை, எதுவும் பிசகவில்லை.

"இடிஞ்சு மண்ணாப் போனத எப்பிடித் தம்பி அளந்தீங்க?"

அவன் தலை குனிந்தான். "புதுசா அளக்கலைங்கம்மா. அன்னிக்கு நான் அழிக்கல. மறைச்சுத்தான் வெச்சிருந்தேன். ஒரு தட்டுத் தட்டினா வந்துரும்."

அன்றைக்கு அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தபோதும் வந்திருக்கும். அவன் தட்டியிருந்தால் நீ காய்ச்சல் தெளிந்து எழுந்து, கஞ்சியில் உப்பில்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றிருப்பாய்.

"போதும்மா, எல்லாரையும் மன்னிச்சுருங்க, மனசு ஆறும்" என்கிறாள் என் மகள். எல்லாரையும் மன்னித்தாயிற்று. நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்திருந்தும் புல் என்று சொன்னவனை மட்டும் மாட்டேன்.

அந்தப் பிரபாகரை.