அறுபத்து நான்குக்கு எத்தனை?

ஜனவரி 11

இன்று பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு முப்பத்தெட்டு வெளிநாட்டு விண்ணப்பங்கள். முப்பத்தெட்டு பேரின் படிப்பையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எடைபோட்டு முடித்துவிட்டேன். பழைய பேப்பர்காரர்கூட இவ்வளவு வேகமாக நிறுக்க மாட்டார். அவரிடம் தராசு, என்னிடம் சுவரில் ஒட்டிய அட்டவணை. இடப்பக்கம் அவர்கள் நாட்டு மதிப்பெண், வலப்பக்கம் நம் தரம். அறுபத்து நான்கு என்றால் ‘சி’. ‘சி’ என்றால் முதுகலை கிடையாது. யோசிப்பதற்குத் தனிச் சம்பளம் தருவதில்லை.

ஜனவரி 12

ஒருவரின் ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ் காலாவதியாகி ஒன்பது நாள். திருப்பி அனுப்பினேன். பாவம், ஒன்பது நாளில் எல்லா ஆங்கிலமும் ஆவியாகியிருக்கும். மன்னிப்புக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒரு பிழைகூட இல்லை.

ஜனவரி 19

நான் நிராகரித்த பெண் ஒருத்தி மறுபடி எழுதியிருக்கிறாள். நீர்ப் பொறியியல், 64. “எங்கள் நாட்டில் அறுபதே முதல் வகுப்பு. தயவுசெய்து மறுபடி பாருங்கள்.”

மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் நிமிரவே இல்லை.

“ஏம்மா, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அட்டவணைல என்ன இருக்கோ அதப் போடுங்க.”

போட்டேன். பதினாறு வருட அனுபவமாயிற்றே!

ஜனவரி 24

மகள் இயற்பியலில் 58 வாங்கி வந்தாள். “என்னடி இது?” என்று கத்தினேன். அதே மூச்சில், “உங்க கிளாஸ்ல அதிகபட்சம் எவ்வளவு?”

“அறுபத்தொண்ணு. நான் மூணாவது.”

கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்து வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது — என் பிள்ளைக்காகக் கேட்கத் தெரிந்த கேள்வி, ஊரான் பிள்ளைக்காக ஏன் வாயில் வரவில்லை?

ஜனவரி 25

அந்தப் பெண் படித்த பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன்.

பிப்ரவரி 3

பதில் வந்தது. அந்த வருடம் தேர்வு எழுதியவர்கள் 212 பேர். முதல் மதிப்பெண் 66. இவள் இரண்டாமிடம். நம் அட்டவணைப்படி சுமார் ரகம்!

அந்த நாட்டு வரிசையை அட்டவணையில் எந்த மேதாவி சேர்த்தது என்று பழைய கோப்புகளைக் கிளறினேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேல் வரிசையில் இருந்த வேறொரு நாட்டுக் கணக்கைப் பார்த்து அப்படியே நகலெடுத்திருக்கிறேன். மேலாளர் மேல் பழிபோட ஆசையாக இருந்தேன், அதுவும் போச்சு.

எத்தன பேர திருப்பி அனுப்பினேன்? பாக்கவே பயமா இருக்கு. பார்த்தேன். நாற்பத்தொரு பேர்.

பிப்ரவரி 4

மேலாளர் கதவைச் சாத்தினார். “வெளிய மூச்சு விடாதீங்க. சத்தமில்லாம வரிசைய மட்டும் மாத்திடலாம்.”

“எழுத்துல குடுத்துட்டேன் சார். துணைவேந்தர் ஆபீசுக்கும் ஒரு நகல் போயிடுச்சு.”

“உங்க தலைல நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிட்டீங்களே!”

இத்தனை நாள் அடுத்தவர் தலையில் போட்டது போதாதா, சார்? — அவரிடம் கேட்கவில்லை. என் வீரமெல்லாம் இந்த நோட்டோடு சரி.

பிப்ரவரி 27

மூன்று கூட்டங்கள், ஒரு சுற்றறிக்கை: “மதிப்பீட்டு முறை நவீனமாக்கப்பட்டது.” தவறு என்ற சொல்லைத் தேடித்தேடிப் பார்த்தேன், காணோம். எனக்கு வந்த மெமோவில் நான்கு முறை இருக்கிறது.

நீர்ப் பொறியியல் பெண்ணுக்கு இடம் உண்டு என்ற கடிதத்தை நானே தட்டச்சு செய்து அனுப்பினேன்.

மார்ச் 8

அவளிடமிருந்து இரண்டு வரி. “மறுபடி பார்த்ததற்கு மிக்க நன்றி. போன வாரம் வேறொரு பல்கலைக்கழகத்தில், உதவித்தொகையோடு சேர்ந்துவிட்டேன்.”

நல்லா இரும்மா.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “‘விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை’ன்னு போட்டு மூடிடுங்க.”

‘நாம் தாமதமாகப் பார்த்தோம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இன்னும் நாற்பது பேர். முதல் முகவரி ஒன்பது வருடப் பழசு. எழுதிப் பார்க்கிறேன்.