தழுதழுத்த குரல்

மார்ச் 5, செவ்வாய்

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் வேலைக்குப் போனேன். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் என் பிழைப்பே. குரலுக்குப் பதில் காற்றுதான் வருகிறது. டாக்டரம்மா ஒரு மேசை மணி கொடுத்தார். அடித்தால் எல்லாரும் ஒன்றாக எழுந்து நிற்கிறார்கள்.

மார்ச் 6

ஆபரேஷனில் குரல் நரம்பு அடிபட்டிருக்கிறதாம். குரல் திரும்புமா? "திரும்பலாம்" என்கிறார் தொண்டை டாக்டர். லாம்! மணி அடித்துச் சம்பளம் வாங்கலாம். மணி அடித்து நபியைப் புகழ முடியுமா?

மார்ச் 8, வெள்ளி

மாமியார் வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடி நபி புகழ் பாடினோம். எப்போதும் அடியெடுத்துப் பாடுவது நான். மற்றவர்கள் ஒவ்வொரு அடிக்கும் நபியை வாழ்த்தி ஸலவாத் சொல்வார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், நாத்தனார் விடவில்லை. நானே எழுதியதை எடுத்தேன்:

கண்டவர் சொல்லித்தானே காதல்கொண்டேன் நபியே
காணாத கண்ணிரண்டும் கலங்குதே யா நபியே

'கலங்குதே'யில் குரல் உடைந்து நின்றே போனது. தலையைக் குனிந்துகொண்டேன். ஐயோ, மானம் போச்சே — நிமிர்ந்தால் கூடம் முழுக்க அழுகை! மாமியார் என் நெற்றியில் முத்தமிட்டு, "நபி மேல இவ்வளவு பிரியமாம்மா உனக்கு?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் என்ன வந்திருக்கும்?

மார்ச் 9

மனசு அரிக்கிறது. அந்த வரியை எழுதியபோதுகூட என் கண்ணில் ஈரமில்லை. மோனை அமைந்த சந்தோஷம்தான். வராத கண்ணீருக்கு எனக்கெதுக்கு இந்தப் பேரு? அதுவும் நபி பேரைச் சொல்லி?

நாத்தனாரிடம் கொட்டிவிட்டேன். சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க என்ன உங்களுக்காகவா அழுதாங்க அண்ணி? நபிக்காக அழுதாங்க. அதுல பொய் எங்க இருக்கு? பேசாம சுடுதண்ணி குடிங்க."

மார்ச் 22

இந்த வெள்ளியும் பாடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

நரம்பு பிழைத்துவிட்டது! டாக்டர் கேமராவில் காட்டினார். வெளியே வந்து "ஆட்டோ!" என்று ஒரு கத்து கத்தினேன். பாவம், அந்த மனுஷன் பயந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

ஏப்ரல் 19, வெள்ளி

பாடினேன். முதல் அடி கணீரென்று வந்தது, பழைய குரலேதான். எத்தனையோ தடவை பாடிய இரண்டாம் அடியை எடுத்தேன். அதே 'கலங்குதே'. அதற்கு மேல் முடியவில்லை. தேம்பித் தேம்பி வந்தது.

நாத்தனார் பதறிப்போய்ச் சுடுதண்ணியை நீட்டினாள். "மறுபடியும் தொண்டையா அண்ணி?"

இல்லை என்று தலையாட்டினேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மீதி அடியை அவளே பாடினாள். நான் எல்லாரோடும் சேர்ந்து ஸலவாத் சொன்னேன்.