மூடியைத் திறக்கும் முன்

அக்கா,

இன்று காலை போனில் சிவப்புக் குறியோடு ஒரு மின்னஞ்சல். உள்ளே நீங்கள் எழுதி வைத்த ஒரே வரி: “நில்லு கண்ணு. கை போயிரும்.” படித்ததும் என் இடது கன்னம் எரிந்தது.

மரவள்ளிக் கிழங்கு சீவும் இயந்திரத்துக்கு நாம் கையேடு எழுதிய காலம். சுவிட்சை அணைத்ததும் மூடியைத் திறக்கலாம் என்று முதலில் எழுதி இணையதளத்தில் ஏற்றியிருந்தோம். அணைத்த பிறகும் கத்தி சுழல்கிறது என்று தெரிந்து வெள்ளிக்கிழமையே திருத்திவிட்டேன், என் கணினியில் மட்டும். முழுக் கையேட்டையும் தளத்தில் ஏற்ற மலைச் சிக்னல் போதாது. அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்க வேண்டும். திங்கட்கிழமை போகலாம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் குண்டூர் நாட்டில் உங்கள் தம்பியின் இயந்திரத்தில் கிழங்கு சிக்கியது. போனில் நம் பழைய பக்கத்தைப் படித்து, அதன்படியே அணைத்து, மூடியைத் திறந்து கையை விட்டார். மூன்று விரல்கள். சீவலுக்குள் அவற்றைத் தேடி எடுத்தது நீங்கள்.

ரத்தம் காயாத சேலையோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். நீங்கள் அறைந்ததில் என் மூக்குக்கண்ணாடி தெறித்து உடைந்தது. “சரியான வரிய உள்ள பூட்டி வெச்சுக்கிட்டு யாருக்குடி காத்திருந்த? என்ற தம்பி நம்ம பொய்யப் படிச்சுக் கைய உட்டிருக்கான்!” என்று மடிக்கணினியைச் சுவரில் அடித்தீர்கள். திருத்திய வரி அதற்குள்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து நீங்களே வந்தீர்கள். “இனி உன்ற கையையும் நம்பமாட்டேன், என்ற கையையும் நம்பமாட்டேன்.” திருத்தத்தை அனுப்பியதும் எங்கோ இருக்கும் சர்வரே கையேட்டைத் தொகுத்து, சோதித்து, தளத்தில் ஏற்றும்படி செய்தோம். இரண்டு வரி அனுப்ப மலைச் சிக்னலே போதும். கத்தி நிற்கும்வரை காத்திருக்கச் சொல்லும் வரி இல்லையென்றால் எதுவும் ஏறாது. அந்தச் சோதனையும், அது தோற்றால் மின்னஞ்சலில் வரும் வரியும் நீங்கள் எழுதியவை. மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காத லாரி உங்களைப் பாறையோடு நசுக்கியது.

இன்று புது மாடலுக்காகப் பக்கத்தை மாற்றியபோது அந்த வரியை நானே அழித்திருக்கிறேன். மறுபடியும் நானே. சேர்த்து அனுப்பினேன். பச்சைக் குறி வந்தது. சோதனையின் வாசகம் நாகரிகமாக இல்லை, மாற்று என்கிறார்கள் ஆபீசில். மாற்றமாட்டேன்.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன்.

“இருக்குதுங்க. எப்ப அனுப்புனீங்க?”

“நாலு நிமிசமாச்சு.”

“நாலு நிமிசந்தானுங்களா?”

அன்று அதே வரி இரண்டு நாள் என் கணினியிலேயே கிடந்தது. போனை வைத்த பிறகும் கன்னம் எரிந்துகொண்டிருந்தது.