அப்பாவுக்கு ஓர் இரவு

ஜூன் 4

அன்பு வாயாடிக்கு,

போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன். அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தொண்டைக்குழாய் இன்னும் எடுக்கவில்லை. ஐ.சி.யூ.வில் சன்னல் கிடையாது, விளக்கும் அணைவதில்லை. பகலில் கண் சொருகுகிறது, இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். நேற்றுக் காலை உள்ளே போனால், "தூங்கப் போகலையா?" என்று சைகையில் கேட்கிறார்.

நீ கூப்பிடும்போது இங்கே நடுச்சாமம். உன் முகத்தைக் காட்ட, அப்போதுதான் லேசாகக் கண் அயர்ந்தவரைப் பெரிய விளக்கைப் போட்டு எழுப்புகிறோம். "ராத்திரி எது, பகல் எதுன்னு அவர் உடம்புக்கே தெரியலைங்க. தூங்காத உடம்பு கிருமியோட மல்லுக்கட்டத் திணறும்" என்கிறார் டாக்டர். கோபித்துக்கொள்ளாதே. இனிப் பகலில் கூப்பிடு.

உன் அண்ணன்

ஜூன் 12

அன்புள்ள அண்ணா,

பக்கத்தில் இருப்பவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம், வாய் திறந்தால் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். தையல் மெஷினை விட்டு எழுவது சாப்பாட்டு இடைவேளையில்தான். அதையும் பிடுங்காதே. என்னைப் பார்த்தால் அப்பா சிரிக்கிறார் என்று நீதானே சொன்னாய்?

மெத்தென்று ஒரு கண்பட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். நான் பேசி முடித்ததும் கட்டிவிடு.

தங்கை

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

அப்பாவின் நுரையீரலில் கிருமி சேர்ந்துவிட்டது. உன்னாலா என்று கேட்காதே. நானே கேட்டுவிட்டேன். "இதனாலதான்னு யாரும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். ஆனாலும் இனி இரவில் போனை எடுக்க மாட்டேன். அவர் தூங்கட்டும்.

அண்ணன்

ஜூலை 15

என் வாயாடிக்கு,

அப்பா போனதைச் சொன்ன நாளிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைப் படி.

கடைசி இரவு உன் கண்பட்டையைக் கட்டிவிட்டேன். கும்பகர்ணன் மாதிரித் தூங்கினார். காலையில் கையைக் காதருகே வைத்து உன்னைக் கேட்டார். அசந்து தூங்குவாயே என்று நினைத்து, "சாயங்காலம் பேசலாம்பா" என்றேன். தலையை ஆட்டினார். சாயங்காலத்துக்கு அவர் இல்லை.

உன்னை எழுப்பியிருக்க வேண்டும், வாயாடி. அந்த எட்டுப் பேரையும் சேர்த்தே எழுப்பியிருக்க வேண்டும்.

இப்போது எனக்குத்தான் தூக்கம் கெட்டுவிட்டது. நீ கூப்பிடும் நேரத்துக்குக் கண் தானாகத் திறந்துகொள்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் இனி யார் தூக்கமும் கெடப்போவதில்லை. நேரம் பார்க்காதே, கூப்பிடு.

உன் அண்ணன்