பெஞ்சில் கிடந்த பை

கார்த்திகை, சனிக்கிழமை.

கோட்டுச்சேரி ரோட்டோர ஓய்விடத்துல சாயங்காலம் பெருக்கும்போது பெஞ்சுல ஒரு பை கிடந்தது. கார்ல வந்தவங்க யாரோ மறந்துட்டாங்கன்னு திறந்தேன். ஈர வேட்டி, ஈரப் புடவை. திருநள்ளாறு குளத்துல முழுகிட்டு, சனி தொலையட்டும்னு விடற துணியா இது? அப்படின்னா குளத்தோட விடாம இங்க ஏன் கொண்டாந்து போடணும்? இல்ல, ஊருக்குப் போய்த் துவைக்கலாம்னு எடுத்துட்டு வந்ததா?

வாசல்ல டீ போடற செல்வி அக்கா சத்தம் போட்டுச்சு. "ஏன்டி, மாசமா இருக்கறவ அதைத் தொடலாமா? போட்டுட்டு வந்து கையைக் கழுவு!"

பதறிப்போய்ப் பையைக் கீழ போட்டேன். அடியில இருந்து ஒரு குழந்தைக் கவுன் வந்து விழுந்தது. பொறந்த பிள்ளை போடற அளவு. அதுவும் ஈரம். அந்தப் பிள்ளைக்கு அதுக்குள்ள என்ன சனி?

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சிட்டேன். அவர்கிட்ட சொல்லல. சொன்னா வேலைக்கே போவாதேம்பார்.

இப்ப மழை பெய்யுது. சாயங்காலம் அக்கா அந்தப்பக்கம் திரும்பினதும் கவுனைப் பிழிஞ்சு பெஞ்சு மேல காயப் போட்டுட்டுத்தான் கை கழுவப் போனேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு புரியல.

கூரைக்கு அடியிலதான் போட்டேன். நனையாது.