முக்கால்வாசி புரிந்த பேச்சு

இன்று காலை போன் அதிர்ந்தது. பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் அந்த வசதி, சோதனைக் காலம் முடிந்து முழுமையாக வந்துவிட்டதாம். மகளை எதிரே உட்கார வைத்து, எதையாவது பேசு என்றேன். சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்த கதையை மூச்சு விடாமல் சொன்னாள். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் திரையில் ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நீ போய் எட்டு மாதமாகிறது.

சேலையூர் பள்ளியில் நீ கணக்கு, நான் வரலாறு. பதினேழு வருஷம் ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. புது போன் எது வந்தாலும், கேம்ப் ரோடு கடையில் ஷட்டர் ஏறும்போதே நீ நிற்பாய். மடக்கும் போன் வாங்கி, ஒரே மாதத்தில் திரை நடுவே கோடு விழுந்தபோதும் அதை மடக்கி மடக்கிக் காட்டிச் சிரித்தாய். நான் நேர்மாறு. எல்லாரும் வாங்கி அவஸ்தைப்பட்டு, குறையெல்லாம் தீர்ந்த பிறகு வாங்குகிறவள். இதை வைத்து நாம் சண்டை போடாத மதியச் சாப்பாடு கிடையாது.

பிறகு ஒரு காய்ச்சலில் என் காது போயிற்று. மெஷின் வைத்தும் இரைச்சல்தான் கூடியது, வார்த்தை பிடிபடவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டால் தலையாட்டிச் சமாளித்தேன். ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தேன். நீ அதைப் பிடுங்கி உன் பைக்குள் போட்டுக்கொண்டு, போனை என் முன் வைத்தாய். முந்தின நாள்தான் சோதனைக்கு வந்திருந்த வசதி. நீ 'சிட்லபாக்கம்' என்றால் 'சிட்டு பக்கம்' என்று வந்தது. 'ராஜினாமா', 'ராஜா மாமா' ஆயிற்று. ஒழுங்காக வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நகர்த்தி வைத்தேன்.

உனக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். ஒரு தாளில் கிறுக்கி என் முன் நீட்டினாய்: "ஒழுங்கா வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாம இருப்பியா? முக்கால்வாசி புரிஞ்சா போதும்டி. மீதிய திருப்பிக் கேளு."

மறுநாள் அதோடு எட்டாம் வகுப்புக்குப் போனேன். ஒரு பெண் போனருகே வந்து ஏதோ கேட்டாள். 'சோளம் ஏன் கப்பல் கட்டினார்கள்' என்று வந்தது. சோழர்களைத்தான் கேட்கிறாள் என்று புரிந்ததும் வகுப்போடு சேர்ந்து சிரித்துவிட்டு, மணி அடிக்கும்வரை பதில் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் பதில் சொன்ன முதல் கேள்வி அது.

நீ வெறும் புதுமைப் பித்து பிடித்தவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் சனிக்கிழமைதோறும் ஏரிக்கரையில் என்னோடு உட்கார்ந்து, வேண்டுமென்றே கடினமான வார்த்தைகளாகச் சொல்லி, தப்பாக வந்ததையெல்லாம் குறித்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பினாய். யாராவது முதலில் தப்போடு உபயோகித்தால்தானே சரியாகும் என்பாய்.

புற்றுநோய் உன் குரலை எடுத்துக்கொண்டபோது, தாம்பரம் ஆஸ்பத்திரியில் காது நன்றாகக் கேட்பவர்களுக்கே உன் பேச்சு பிடிபடவில்லை. போனை உன் வாயருகே பிடித்தேன். 'வகுப்பு எப்படிப் போகுது' என்று வந்தது. நன்றாகப் போகிறது என்றேன். அடுத்து, 'விட்டு தாத்தா' என்று வந்தது. 'விட்டுடாத' என்று நீ சொன்னது எனக்குப் புரிந்தது.

இன்றைய அப்டேட்டுக்காகக் காத்திருந்தால் அந்த ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்திருக்காது.

போன வாரம் நானே ஒரு சோதனையில் சேர்ந்திருக்கிறேன். பின்னால் ஹாரன் அடித்தால் கையில் அதிர்ந்து திசை காட்டும் வாட்ச். பாதி நேரம் வலதை இடது என்கிறது. குக்கர் விசிலுக்கெல்லாம் அதிர்கிறது. நேற்று கேம்ப் ரோட்டில் அது அதிர, திரும்பிப் பார்த்தேன், நிஜமாகவே பஸ். ஒதுங்கி நின்று, நடுத்தெருவில் தனியாகச் சிரித்தேன். எல்லாம் சரியான பிறகு போட்டுக்கொள்ளலாமே என்கிறாள் மகள். நான் கழற்றுவதாக இல்லை.